கொம்பு வைத்த பெண்ணின் முகம்

முனிரத்தினம் மாமரத்திலிருந்து விழுந்தான் என்று யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். கிளை ஒடிந்தது, கிளையோடு தானும் இறங்கினேன் என்பான். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டால், மரம் ஏறாதவனுக்கு அதெல்லாம் புரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். எப்படியோ, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. சித்தூர் ஜில்லா பாலசமுத்திரம் பக்கம் முப்பது வருடமாக மாங்காய் பறிக்கிற ஆள், பறிப்பு ஆரம்பித்த நாலாம் நாளே கட்டிலில் படுத்துவிட்டான்.

கூடப் பறித்துக்கொண்டிருந்த சிட்டிபாபு, காய் ஏற்ற வந்த ஆட்டோவிலிருந்து கூடைகளை இறக்கிவிட்டு இவனை ஏற்றினான். திருப்பதியா சித்தூரா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் எலும்பு ஒடிந்தால் வண்டி தானாகவே புத்தூர் பக்கம் திரும்பும். அங்கே காலை இழுத்துப் பொருத்தி, பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணியைச் சுற்றி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு கட்டு, மொத்தம் மூன்று கட்டு. அதுவரை கால் தரையில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவன் மனைவி வசந்தாவுக்கு அழக்கூட நேரமில்லை. முனிரத்தினத்தின் அப்பன் காலத்தில், நிலமில்லாதவர்களுக்கு என்று சர்க்கார் கொடுத்த ஒன்றரை ஏக்கர் அவர்களுடையது. அதில் முப்பத்தெட்டு மரம். எல்லாம் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு மாங்காய். காய் கனமாகி, காம்பு பால் வற்றி, தொட்டால் வந்துவிடுகிற பருவம். இரண்டு பெருங்காற்று அடித்தால் பாதி தரையில் கிடக்கும். அடிபட்ட காயை ஜூஸ் ஃபேக்டரிக்காரன் கையால்கூடத் தொடமாட்டான். வசந்தா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சிட்டிபாபுவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு தோப்பில் இறங்கினாள்.

மகள் கன்னிகா மறுநாள் வந்தாள். இருபத்திரண்டு வயது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில், செல்போனுக்குள் வைக்கிற பொடிப் பொடித் தகடுகளைப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. தங்குவது தடா பக்கம் ஒரு ஹாஸ்டல். கட்டிலின் கால்மாட்டில் நின்று கட்டைப் பார்த்தாள். "வலிக்குதாம்மா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டாள். கட்டிலில் கிடப்பவனைக் கேட்க வேண்டியதைக் களி கிளறுகிறவளிடம் கேட்டாள். நீயே கேளேன் என்றாள் வசந்தா. கன்னிகா தட்டை இழுத்துக்கொண்டாள். களியையும் கடலைச் சட்னியையும் தின்றுவிட்டு, அடுத்த லீவு அஞ்சு வாரம் கழித்துத்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இந்தப் பேசாமை இரண்டரை வருடத்துப் பழசு. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

கன்னிகா காலேஜில் படிக்கும்போது நெட்டில் வருகிற ஒரு கார்ட்டூன் தொடரைப் பைத்தியமாகப் பார்ப்பாள். அதில் நீலரேகா என்று ஒரு பெண். நெற்றியில் சின்னதாக ஒற்றைக் கொம்பு, காது வரை வெட்டிய முடி, கையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஈட்டி. அவளை மாட்டுக்கொட்டகையின் உள்சுவரில் கரியாலும், ஸ்கூலில் மிச்சமிருந்த பெயின்டாலும் நாலு மாதம் வரைந்தாள். சங்கராந்திக்கு இரண்டு நாள் முன்னே, அவள் காலேஜ் போயிருந்த நேரத்தில், முனிரத்தினம் வழக்கம்போல் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தான். கொட்டகையையும் விடவில்லை. பண்டிகைக்கு மாட்டுக்கொட்டகையை வெள்ளையாக்காமல் விட்டவன் எங்கள் ஊரில் ஒருத்தனும் இல்லை. சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, சுவர் எப்படிக் கண்ணைப் பறிக்கிறது பார் என்று பெருமையாகக் காட்டவும் செய்தான். அந்த முட்டாளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவள் சுவரை ஒருதரம் பார்த்தாள். சோறு தின்றாள், படுத்தாள். அன்றிலிருந்து நைனா என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் "அவருக்குச் சோறு போடும்மா" என்பாள். அந்த 'அவர்' முனிரத்தினத்துக்கு எலும்பு ஒடிந்ததைவிட அதிகமாக வலித்தது. ஒருநாளும் அவன் அதை வெளியே சொன்னதில்லை.

கட்டிலில் கிடக்கிறவனுக்குப் பொழுது போகவேண்டுமே. கன்னிகா புதுப் போன் வாங்கியபோது வீட்டில் விட்டுப்போன பழைய போன் அலமாரியில் இருந்தது. மூலையில் கண்ணாடி கீறியிருந்தது. சிட்டிபாபு அதற்கு ரீசார்ஜ் பண்ணி, இத்தப் பாத்துக்கினு கெட என்று கையில் திணித்துவிட்டுப் போனான். இரண்டு நாள் பழைய பாட்டு பார்த்தான், கபடி பார்த்தான். மூன்றாம் நாள் காலையில் பென்சில் படம் போட்ட ஒரு ஆப்பை எதற்கென்றே தெரியாமல் அமுக்கினான். உள்ளே மகள் வரைந்த படங்கள் இருந்தன. நாற்பத்தொன்று. கண் மட்டும், காது மட்டும், கொம்பு மட்டும் என்று எல்லாம் பாதிப் பாதி. ஒன்றே ஒன்றுதான் கிட்டத்தட்ட முழுப்படம். நீலரேகா ஈட்டியோடு நிற்கிறாள். முகத்தில் கலர்கூடக் கொடுத்திருந்தாள். கைகள் மட்டும் சும்மா கோடாக இருந்தன.

போட்டோவைப் பெரிதாக்குகிற மாதிரி பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று அவன் நீலரேகாவின் முகத்தின்மேல் விரலை வைத்து இழுத்தான். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு கருப்புக் கோடு விழுந்தது. பதறிப்போய், சிலேட்டைத் துடைப்பது போலத் துடைத்தான். கோடு அப்பியது. ரப்பர் மாதிரி ஒன்று தெரிந்தது, அதை அமுக்கித் தேய்த்தான். கோடு போயிற்று, கூடவே கண், மூக்கு, வாய் எல்லாம் போயிற்று. அப்படியே மூடிவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று மூடினான். திறந்தபோது, முகமில்லாத பெண் ஒருத்தி கொம்போடு நின்றாள். ஆப் தானாகவே அதை ஒழுங்காகச் சேமித்து வைத்திருந்தது.

மகளின் படத்தை ஒருதரம் சுண்ணாம்படித்து அழித்தான். இப்போது படுத்த இடத்திலிருந்தே இன்னொன்றை அழித்துவிட்டான். அவள் வர இன்னும் முப்பத்திரண்டு நாள் இருந்தது. அதற்குள் அந்த முகத்தை இருந்தபடியே மறுபடி போட்டுவைத்துவிட வேண்டும், அவளுக்குத் தெரியவே கூடாது என்று முடிவு பண்ணினான். இதற்கு முன்னால் அவன் வரைந்தது என்று பார்த்தால், மாங்காய்க் கூடைமேல் போடுகிற அடையாளக் கோடுதான்.

ஐந்தாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்ததால், தெலுங்கில் பாடம் நடத்துகிற ஒரு அம்மாவின் வீடியோக்களைப் பிடித்துக்கொண்டான். முதலில் ஒரு முட்டை போடு, நடுவில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு என்பார் அந்த அம்மா. முனிரத்தினம் முட்டை போட்டான். கட்டை விரல் காய்ப்பு ஏறிப்போய் மரப்பட்டையாக இருந்ததால், போன் அவன் தொடுவதைப் பாதி நேரம் மதிக்கவே இல்லை. சுண்டு விரல்தான் கொஞ்சம் மிருதுவாக இருந்தது. அதால் போடப் பழகினான். முதல் வாரம் முழுக்க வெறும் முட்டை. இரண்டாவது கட்டுக்குப் புத்தூர் போனபோது, அங்கே துணி நனைக்க முட்டை உடைப்பதைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் அந்த அம்மா லேயர் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தார். ஒரு படத்தின்மேல் கண்ணாடித் தாள் மாதிரி இன்னொன்றை வைத்துக்கொண்டு அதில் வரைய வேண்டும். மேலே என்ன கிறுக்கினாலும் அடியில் இருப்பது அப்படியே இருக்கும். திரும்பிப் போகிற அம்புக்குறி ஒன்றும் இருக்கிறதாம், தப்பாகப் போட்டால் அதை ஒரு தட்டு தட்டினால் போதுமாம். முனிரத்தினம் தலையில் அடித்துக்கொண்டான். பன்னிரண்டு நாள் முன்னால் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் வசந்தா வெந்துகொண்டிருந்தாள். காயைப் பறித்தால் மட்டும் போதாது. டிராக்டரில் ஏற்றி ஃபேக்டரி வாசலில் வரிசையில் நிற்கவேண்டும். அந்த வருடம் எல்லாத் தோப்பிலும் காய் கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. வரிசை ரோடு வரை வந்து வளைந்து நின்றது. தார் ரோட்டில் வெயில் அடிக்க, மாங்காய் வாடை மூக்கில் ஏற, டிராக்டர் நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டு காத்துக்கிடந்தாள். காய் வெம்பிவிடக் கூடாதே என்று படுதாவைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். அப்படி ஒருநாள் காய்ந்து கருத்து மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, புருஷன் சுண்டு விரலால் ஒரு பெண்ணின் உதட்டுக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தான்.

"நான் அங்க வெயில்ல வெந்துக்கினு கீறேன். நீ இங்க கொம்பு மொளச்சவளுக்குச் சாயம் பூசிக்கினு கீறே. வெக்கமா இல்ல?"

அவன் போனை நெஞ்சின்மேல் கவிழ்த்துக்கொண்டான். அவள் விடவும் இல்லை. தொண்டை காய்கிற வரை திட்டினாள். படுத்துக்கொண்டே ஆடு மேய்க்கவா சொன்னேன், வந்தவளுக்கு ஒரு சொம்பு தண்ணி எடுத்துத் தர முடியவில்லை என்றாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டாள். அப்புறம் அவன் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று அடங்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். முகமில்லாத அந்தப் படத்தையும் காட்டினான்.

"போன் பண்ணிச் சொல்லிடேன்யா," என்றாள் அவள்.

"எதச் சொல்றது? நான் பேசினா அது எடுக்குமா? மூஞ்ச அப்டியே போட்டு வெச்சிட்டா தெரியாது வசந்தா."

"தெரியாம செஞ்சத சொல்லலாம். தெரிஞ்சே ஏமாத்துனேன்னு வையி, அப்பால அந்தப் பொண்ணு உன் மூஞ்சிலயே முழிக்காது."

மாங்காய் போட்ட பருப்பை ஊற்றிச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுத் தோப்புக்குப் போனாள். ஆனால் மறுநாளிலிருந்து போகும்போது போனைச் சார்ஜில் போட்டு, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஊர் சும்மா இருக்குமா? சிட்டிபாபு விஷயத்தைக் கடைத்தெரு வரை கொண்டுபோய்விட்டான். எலும்பு முறிந்தவன் மூளையும் கொஞ்சம் நகர்ந்துவிட்டது, அதற்கும் ஒரு கட்டு போடச்சொல்லுங்கள் என்று கேலி பண்ணினார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் காலைப் பார்க்க வரவில்லை, படத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள். பக்கத்து வீட்டு சுந்தரம்மா மட்டும் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கொம்பு இல்லாவிட்டால் நல்ல களையான பெண் என்று சொன்னாள். முனிரத்தினத்துக்கு அன்றைக்கு முழுக்க வயிறு நிறைந்திருந்தது.

நாலாவது வாரத்தில் முகம் கைக்கு வந்தது. பார்க்கிறவர்களுக்கு நீலரேகாதான் என்று தெரிகிற அளவுக்கு வந்தது. அதைத் தனி லேயரில் போட்டு, கன்னிகாவின் படத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தான். பொருந்தியது மாதிரிதான் இருந்தது. கோடாகக் கிடந்த கைகள் அதற்கப்புறம் அவன் கண்ணை உறுத்தின. கன்னிகா ஈட்டியை இரண்டு கையாலும் உலக்கை பிடிக்கிற மாதிரி கோடு இழுத்து, அழித்து, மறுபடி இழுத்து விட்டிருந்தாள். நீளமான கழியின் நுனியில் கனம் இருந்தால் அப்படிப் பிடிக்க முடியாது, முதுகு போய்விடும். கீழ்க்கைதான் பாரம் தாங்கும், உள்ளங்கை மேலே பார்த்திருக்கும். மேல்கை சும்மா தடவிக்கொண்டு வழி காட்டும், கட்டை விரல் கழியோடு நீண்டு கிடக்கும். அவனுக்கு அதற்கு வீடியோ தேவைப்படவில்லை. இரண்டு மணி நேரத்தில் இரண்டு கையையும் போட்டு முடித்தான். முகத்துக்கு ஒரு மாதம் ஆயிற்று, கைக்கு ஒரு காலைப்பொழுது.

கன்னிகா ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வந்தாள். முந்தின நாள் மழை பெய்து மண் நெகிழ்ந்திருந்தது. தோப்பில் கடைசிப் பறிப்பும் முடிந்து, மரங்களெல்லாம் கனமிறங்கி நின்றன. செருப்பிலிருந்த சேற்றை வாசல் கல்லில் தேய்த்துக்கொண்டே, கட்டு எப்போது பிரிக்கிறார்கள் என்று அம்மாவைக் கேட்டாள். வசந்தா புருஷனைப் பார்த்தாள்.

முனிரத்தினத்தின் கையில் போன் இருந்தது. படம் முழுசாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முப்பத்திரண்டு நாள் அதற்காகத்தான் பாடுபட்டான். ஆனால் மகள் வாசலில் நின்று சேறு தேய்க்கிறதைப் பார்த்தபோது, அதைச் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை.

"கன்னிகா. இங்க வாம்மா. இத்தப் பாரு," என்று போனை நீட்டினான். "உன் படம். மூஞ்ச நான் அழிச்சிட்டேன். தெரியாமதான் கை வெச்சேன். சுண்ணாம்பு அடிச்சப்பவும் தெரியாமதான் அடிச்சேன். தெரியலன்னா கேக்கணும் இல்ல? நான் கேக்கல. ரெண்டு தபாவும் உன்னக் கேக்கல."

அவள் போனை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். வசந்தா அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"இந்த மூஞ்சி என்னுது இல்ல," என்றாள் கடைசியில்.

"இல்லம்மா. நான் போட்டது. உன்னுது போயிடுச்சி."

"காப்பிகூட எடுத்து வெக்கல நான்." கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, விரலால் தள்ளித் தள்ளி, அவன் போட்ட மற்ற படங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அறுபத்திமூன்று இருந்தன. முட்டை, முட்டை, கோடு போட்ட முட்டை, ஒற்றைக் கண், மாட்டுக் காது மாதிரி ஒரு காது. ஒரு படத்தில் நின்றாள்.

"இது இன்னா? கொம்பா, முருங்கக்காயா?"

"மொதல்ல போட்டது அது," என்றான் அவன் குற்றவாளியாக.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் முழுப்படத்துக்குத் திரும்பி வந்து, இரண்டு விரலால் பெரிதாக்கினாள். முகத்தை அல்ல, கைகளை.

"இந்தக் கைய எதப் பாத்துப் போட்டது?"

"எதயும் பாக்கல. காய் பறிக்கிற தொரட்டி புடிக்கிறதுதான? கனம் நுனியில கீது பாரு. கீழ்க்கையிலதான் தாங்கணும். நீ ஒலக்க மாதிரி புடிச்சிருந்தே. அப்டி நின்னா ரெண்டே நிமிஷத்துல அந்தப் பொண்ணு ஒக்காந்துடும்."

கன்னிகா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் அந்தக் கை வராமல்தான் படத்தையே விட்டுவிட்டதாகவும், அதோடு வரைகிறதும் நின்றுபோனதாகவும் மெதுவாகச் சொன்னாள். எத்தனை போட்டோ பார்த்து, எத்தனை வீடியோ பார்த்துப் போட்டும் பொம்மைக் கை மாதிரிதான் வந்ததாம். வீட்டில் வருடத்துக்கு மூன்று மாதம் கண்ணெதிரே கழி பிடித்து நின்ற கையை அவள் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

"ஆனா மூஞ்சி நல்லா இல்ல," என்றாள். "ரெண்டு கண்ணும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுது."

"அப்ப நீ போடு. என்னுத அழிச்சிடு."

"எதுக்கு அழிக்கணும்? மேல தனியா போட்டா போச்சி."

கட்டிலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து வரைந்தாள். அவன் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கலாமா என்று கேட்டான். ம், என்றாள். அவள் விரல் போகிற வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தான். அவனுக்கு ஒரு மாதம் அடங்காத அந்தக் கண், நாலு இழுப்பில் வந்து உட்கார்ந்து அவனை முறைத்தது. வசந்தா இரண்டு தட்டில் களி உருண்டையும் கோங்குராத் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் தின்னவில்லை.

முடித்ததும், நீலரேகாவை வரைகிறவர்கள் இருக்கிற குரூப் ஒன்றில் போட்டாள். இரண்டு வருடமாக அதில் எதுவும் போட்டதில்லையாம். களியைப் பிட்டு வாயில் போடுவதற்குள் பதில்கள் வர ஆரம்பித்தன. கை தட்டுகிற பொம்மைகள், பூ, நெருப்பு. ஒருத்தர் தெலுங்கில் கேட்டிருந்தார், முகம் நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தக் கைகள் வேறு யாரோ போட்ட மாதிரி இருக்கின்றன, அப்படியே கனம் தெரிகிறது, யார் போட்டது?

கன்னிகா எச்சில் படாத இடது கையால் பதில் அடித்தாள். அடித்துவிட்டுப் போனைக் கட்டிலில் வைத்தாள். அவன் பக்கம் திருப்பி வைத்தாள். முனிரத்தினம் எழுத்துக் கூட்டி வாசித்தான். மா நான்ன. எங்க அப்பா.

இன்னொரு தரம் வாசித்தான். அப்புறம் போனைத் தூக்கிக்கொண்டு, வசந்தாவுக்குக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், கட்டுப் போட்ட காலோடு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தான்.

"காலை ஆட்டாத நைனா, கட்டு நவுந்துடும்," என்றாள் கன்னிகா, வாயில் களியோடு.

வசந்தா மூக்கை உறிஞ்சினாள்.

"பொண்ணு சொல்லுதுல்ல? படு," என்றாள்.

முனிரத்தினம் படுத்துக்கொண்டான்.